ஜாவா கிராமத்தில் வீடு கட்டிக் குடியேறலாமா: நிலம், காவல், நிஜமான ஆபத்துகள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி இந்தோனேசியர், மத்திய ஜாவாவில் க்ளாத்தேன் மாவட்டத்து விவசாயக் குடும்பம். இந்த வேலை ஒப்பந்தம் முடிந்ததும் மாமனாருடைய நிலத்தில் வீடு கட்டி அங்கேயே இருக்கலாம் என்று இரண்டு பேரும் நினைக்கிறீர்கள். கிராமம் பாதுகாப்பானதா, நிலம் உங்கள் பெயரில் வாங்க முடியுமா, எட்டடிச் சுற்றுச்சுவர் எழுப்பி இரண்டு நாய் வளர்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதே வட்டாரத்தில் 14 வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறேன், எனக்கும் மனைவி வழியில் வந்த ஊர்தான். அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

கிராமம் பாதுகாப்பானதுதான், நம்பி வரலாம். நிலம் உங்கள் பெயரில் வாங்க முடியாது, அதற்குக் குறுக்குவழி சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். சுவர் வேண்டாம். நாய் பற்றி மனைவியிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். ஜாவா கிராமத்தில் வீட்டுக்குக் காவல் சுவர் இல்லை, அக்கம்பக்கம்தான். இதை அழகுக்காகச் சொல்லவில்லை, அங்கே அது ஒரு முறையான ஏற்பாடு. ஒவ்வொரு கிராமமும் சில குக்கிராமங்களாகப் பிரிந்திருக்கும், அதற்குள் சில பத்து வீடுகளுக்கு ஒரு ஆர்டி. 'ருக்குன் தெத்தாங்கா', அதாவது அண்டை வீட்டார் குழு என்பதன் சுருக்கம் அது, 'எர்தே' என்று உச்சரிப்பார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் மக்களைக் கண்காணிக்க அவர்கள் கொண்டுவந்த அண்டைவீட்டுக் குழு முறையில்தான் இதற்கு வேர் இருக்கிறது. ஜப்பானியர் போய்விட்டார்கள், குழு தங்கிவிட்டது. இன்றைக்கு அதன் தலைவரை எல்லோரும் 'பாக் எர்தே' என்று கூப்பிடுவார்கள். அவர் அரசு ஊழியர் இல்லை, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மனிதர். காலையில் வயலில் இருப்பார், சாயங்காலம் உங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவார். குடும்ப அட்டை, பிறப்புப் பதிவு, நிலப் பத்திரம், கல்யாணம் என்று பெரும்பாலான காரியங்களுக்கு முதல் கையெழுத்து அவருடையதுதான். ஊர் முகப்பில் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள்: விருந்தாளிகள் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று. உங்கள் தம்பி ஊரிலிருந்து வந்து இரண்டு ராத்திரி தங்கினாலும் பாக் எர்தேயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மறந்தால் பெரிய தண்டனை ஒன்றும் கிடையாது, ஆனால் சொன்னால் அந்த இரண்டு ராத்திரியும் உங்கள் தம்பிக்குப் பாதுகாப்பு.

அப்புறம் ரோண்டா, இராக்காவல். ஆர்டியிலுள்ள ஆண்கள் முறை வைத்து, ஒரு இரவுக்கு ஐந்தாறு பேர், பத்து பத்தரை மணிக்குக் காவல் கொட்டகையில் கூடுவார்கள். காப்பி, வறுத்த வேர்க்கடலை, சீட்டு, பேச்சு. நள்ளிரவுக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று. அந்தச் சுற்றில்தான் ஜிம்பித்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டு முன்தூணிலும் ஒரு சின்ன டப்பாவோ பாட்டில் மூடியோ ஆணியில் தொங்கும், அதில் வீட்டுக்காரர் ஒரு சிட்டிகை அரிசி போட்டு வைப்பார். நம் பிடி அரிசி போலத்தான், அதைவிடச் சின்ன அளவு. இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதிலாக 500 ரூப்பியா, 1,000 ரூப்பியா நாணயம். சேர்கிற பணத்தில் தெருவிளக்கு, ஊர்ப் பந்தலுக்கு நாற்காலி, யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் பார்க்கப் போகிற செலவு எல்லாம் நடக்கும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்னவென்றால், ஜிம்பித்தான் எடுப்பதற்காகவே காவல்காரர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தினமும் வந்தாக வேண்டும். டப்பாவைத் தொடும்போது கதவு திறந்து கிடக்கிறதா, தனியாக இருக்கிற பாட்டி இருமுகிறாளா, அடுப்பில் புகை வருகிறதா என்பதெல்லாம் கண்ணிலும் காதிலும் பட்டுவிடும். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்து விழுந்த ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தது அப்படித்தான், இரவு ஒன்றரை மணிக்கு.

எட்டடிச் சுவர் இதையெல்லாம் வெளியே நிறுத்திவிடும். நானே முதல் வருடம் சுவர் எழுப்பினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஜாவாக்காரர்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் திருடு போனது. சுவருக்குள்ளே நின்று நிதானமாகக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை. பிறகு முன்பக்கச் சுவரை இடுப்பளவுக்கு இறக்கி, மேலே செம்பருத்தி வேலி வைத்தோம். அதன் பிறகு இதுவரை ஒன்றும் போகவில்லை.

திருட்டே இல்லை என்று சொல்லமாட்டேன். வரப்போரம் சாவியோடு நிறுத்திய மோட்டார் சைக்கிள், கோழி, தண்ணீர் பம்ப், களத்தில் காயும் நெல், விலை ஏறின நேரத்தில் மிளகாயும் சின்ன வெங்காயமும், அப்புறம் கூண்டுப் பறவைகள். ஜாவாவில் பாடும் பறவை என்றால் உயிர், நல்ல பறவைக்கு மோட்டார் சைக்கிள் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் அதையும் தூக்கிவிடுவார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரங்களில் ஆடு மாடு பத்திரம். பழைய ஜாவா வீடுகளில் தொழுவம் வீட்டை ஒட்டி, சில இடங்களில் சமையலறைக்குப் பக்கத்திலேயே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஏதாவது நடந்தால் கெந்தோங்கான் அடிப்பார்கள். மூங்கிலிலோ மரத்திலோ குடைந்து, நடுவில் நீளப் பிளவு விட்ட தட்டுக்கருவி அது. திருட்டுக்கு ஒரு தட்டு, தீக்கு ஒரு தட்டு, வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் ஒன்று, எல்லாம் சரி என்பதற்கு ஒன்று. எந்தத் தட்டு எதற்கு என்பது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், காவல் கொட்டகையில் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்துவிடுங்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுப்புவது கெந்தோங்கான்தான்.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'மாலிங்' (திருடன்) என்று ஒரு குரல் கிளம்பினால் கூட்டம் கூடி, போலீஸ் வருவதற்குள் அடித்தே கொன்றுவிடுகிற சம்பவங்கள் ஜாவாவில் நடக்கின்றன. பிடிபட்டவன் வெறும் வழிப்போக்கனாக, மனநலம் சரியில்லாதவனாக இருந்ததும் உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஒன்று நடந்தால் கூட்டத்தில் சேராதீர்கள். உடனே பாக் எர்தேயையும் கிராமத்துக்கென்று நியமிக்கப்பட்ட போலீஸ்காரரையும் கூப்பிடுங்கள், இரண்டு எண்களும் முதல் வாரமே போனில் இருக்கட்டும். இன்னொன்று, தெரியாத கிராமத்துச் சந்துகளில் நடுராத்திரி வழி தேடி அலையாதீர்கள். நிறத்தாலும் பேச்சாலும் நீங்கள் வெளியூர் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

நாய் விஷயம். உங்கள் மாமனார் ஊர் முஸ்லிம் பெரும்பான்மை என்றால், நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்பது அவர்கள் அனுசரிக்கிற சுத்தம். நீங்கள் நாய் வளர்த்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் வாசலுக்கு வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். ஜிம்பித்தான் எடுக்க வருகிறவரே தயங்கி நின்றால் அந்தக் காவல் போயிற்று. கிறிஸ்தவர்கள் நிறைய இருக்கிற ஊர்களும் க்ளாத்தேனில் உண்டு, அங்கே நாய்கள் சாதாரணம். அதனால்தான் மனைவியிடம் கேளுங்கள் என்றேன்.

சரி, நிலத்துக்கு வருவோம். இங்கேதான் வெளிநாட்டு மாப்பிள்ளைகள் பணத்தை இழக்கிறார்கள்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் நிலச் சட்டப்படி முழு உரிமை, 'ஹக் மிலிக்', இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டவருக்குப் பயன்பாட்டு உரிமை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை வரம்பு வைத்திருக்கிறார்கள், கிராமத்து வீட்டுக்கு அது ஒத்துவராது. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிவிட்டு 'நிஜ உரிமையாளர் நான்தான்' என்று தனியாக எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வார். அந்த மாதிரி மறைமுகப் பரிமாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது என்று அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. பாலியில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கதையைக் கேட்டிருப்பீர்கள், ஜாவாவிலும் சட்டம் அதேதான்.

மனைவி பெயரில் வாங்கலாம், அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதிக்கிற சொத்து இருவருக்கும் பொது. பொது என்றால் அதில் வெளிநாட்டவரான உங்களுக்கும் பங்கு வந்துவிடுகிறது, அதனால் உங்கள் மனைவி இந்தோனேசியராக இருந்தும் ஹக் மிலிக் வாங்கும்போது சிக்கல் வரும். தீர்வு, சொத்துப் பிரிவினை ஒப்பந்தம். முன்பு அதைக் கல்யாணத்துக்கு முன்னால்தான் எழுத முடியும். 2016இல் அரசியல் சட்ட நீதிமன்றம், கல்யாணம் ஆன பிறகும் எழுதலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே நோட்டரியிடம் எழுதி, திருமணம் பதிவான அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள், பிறகு நிலம் வாங்குங்கள். முன்பின் மாற வேண்டாம். பரம்பரையாக மாமனாரிடமிருந்து மனைவிக்கு வருகிற நிலம் அவருடைய தனிச்சொத்துதான், அதில் இந்தச் சிக்கல் இல்லை. ஒருவேளை மனைவி உங்களுக்கு முன்னால் தவறிவிட்டால், வாரிசாக வருகிற ஹக் மிலிக் நிலத்தை நீங்கள் ஒரு வருடத்துக்குள் தகுதியுள்ள ஒருவருக்கு மாற்றிவிட வேண்டும். பேசக் கசப்பான விஷயம், ஆனால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியது. குழந்தைகள் இந்தோனேசியக் குடியுரிமையை வைத்துக்கொண்டால் அவர்களுக்குப் போகலாம்.

அடுத்து, மாமனாரிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள். 'எங்களிடம் பத்திரம் இருக்கிறது' என்பார், எடுத்துக் காட்டினால் 'கிரிக்' அல்லது 'பெத்தோக்' ஆக இருக்கும். அவை பழைய வரிச் சீட்டுகள். கிராம அலுவலகத்தில் 'லெத்தர் செ' என்ற தடிமனான பழைய பதிவேடு ஒன்று இருக்கும், அதில் தாத்தா பெயரில் ஒரு வரி இருக்கும். வருடாவருடம் நிலவரிச் சீட்டு வரும். இவை எல்லாம் நிலத்தை யார் அனுபவிக்கிறார் என்பதற்குத் தடயம்தானே தவிர உரிமைப் பத்திரம் கிடையாது. நிலத் துறை தருகிற 'செர்திபிகாத்' ஒன்றுதான் உரிமை. 2021இல் வந்த அரசு விதி, இந்தப் பழைய காகிதங்களோடு இருக்கிற நிலங்களை ஐந்து வருடத்துக்குள் பதிய வேண்டும் என்று சொன்னது, அந்தக் கெடு 2026 பிப்ரவரி. அதற்காக நிலம் பறிபோகாது, ஆனால் பழைய சீட்டைச் சான்றாகக் காட்டுவது பலவீனமாகிவிடும். ஊரையே ஒட்டுமொத்தமாக அளந்து பதிகிற பிடிஎஸ்எல் திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்தால் அளவைக்கும் பத்திரத்துக்கும் கட்டணம் இல்லை, எல்லைக்கல் முத்திரைத்தாள் போன்ற முன்செலவுக்கு ஜாவாவிலும் பாலியிலும் 1,50,000 ரூப்பியா என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்தத் திட்டம் முடிந்துவிட்டதா என்று கிராம அலுவலகத்தில் கேளுங்கள்.

எல்லை பற்றி ஜாவாவில் ஒரு பழமொழி உண்டு: 'சதுமுக் பத்துக், சஞாரி பூமி'. நெற்றியில் ஒரு விரல் தொடுதல், நிலத்தில் ஒரு விரல்கடை. மனைவியின் மானத்துக்கும் விரல்கடை நிலத்துக்கும் உயிரைக் கொடுப்பார்கள் என்று பொருள். அவ்வளவு மென்மையாகப் பேசுகிற மனிதர்கள் வரப்பு விஷயத்தில் மாறிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அளக்கும்போது நாலு பக்கத்துக்காரரும் நேரில் நிற்க வேண்டும், நிற்காமல் கல் நடாதீர்கள். சில இடங்களில் கல்லுக்குப் பதிலாகச் சிவப்பிலை ஆண்டோங் செடிதான் எல்லை, தோட்டம் சுத்தம் செய்கிறேன் என்று அதைப் பிடுங்கிவிட வேண்டாம்.

வீடு கட்டப் போகிற இடம் சாவா (நஞ்சை வயல்) ஆக இருந்தால் நில்லுங்கள். வயலை மனையாக மாற்ற அனுமதி வேண்டும், 2009ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டப்படி காக்கப்பட்ட வயலாக அது குறிக்கப்பட்டிருந்தால் கிடைப்பது மிகக் கடினம். 'பெகராங்கான்', அதாவது வீட்டைச் சுற்றிய கொல்லை நிலம் என்றால் பிரச்சினை இல்லை. 'பெங்கோக்' நிலம் குத்தகைக்கு மலிவாகக் கிடைக்கும். அது கிராம அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக அனுபவிக்கக் கொடுக்கிற ஊர் நிலம், பதவி போனால் குத்தகையும் போகும், அதை யாரும் விற்க முடியாது. விற்கிறேன் என்று ஒருவர் வந்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டியது. க்ளாத்தேன் நிலத்துக்கு ஒரு ரத்தக் கதை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் நிலச் சீர்திருத்தம் காகிதத்தில் வந்து தாமதமானபோது, கம்யூனிஸ்ட் சார்பு உழவர் சங்கத்தினர் தாங்களாகவே நிலத்தைப் பிடித்தார்கள். 1964இல் அது சூடு பிடித்த இடங்களில் க்ளாத்தேன் முக்கியமானது. அடுத்த வருடம் அக்டோபரிலிருந்து நாடு முழுக்க நடந்த படுகொலைகளில் ஐந்து லட்சம் பேராவது செத்திருப்பார்கள் என்பது பரவலான மதிப்பீடு, இந்த வட்டாரமும் தப்பவில்லை. பிடித்த நிலங்கள் பழையவர்கள் கைக்கே போயின, சில துண்டுகள் காணாமல் போனவர்களுடையவை. எண்பது வயதுத் தாத்தா ஒரு வயலைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினால் துருவாதீர்கள். வெளியிலிருந்து நிலம் வாங்கும்போது மட்டும், அது மூன்று தலைமுறையில் எப்படிக் கைமாறியது என்று மனைவியின் வீட்டுப் பெரியவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விவசாயம் செய்து பிழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். அரை ஹெக்டேர், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும் குறைவான நிலம் உள்ளவரை அங்கே 'பெத்தானி குரெம்' என்பார்கள். 2023 விவசாயக் கணக்கெடுப்பில் இந்தோனேசிய உழவர் குடும்பங்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான், ஜாவாவில் நிலைமை இன்னும் நெருக்கம். மண் நல்ல எரிமலை மண், தண்ணீர் இருந்தால் வருடம் இரண்டு நெல், ஒரு புன்செய்ப் பயிர், சில இடங்களில் மூன்று நெல். தெலாங்குவின் ரோஜோலெலே அரிசி வாசனைக்குப் பேர்போனது. ஆனால் துண்டு சின்னது. பாதிக்குப் பாதி வாரத்துக்கு விடுவதை 'மாரோ' என்பார்கள். ஒத்திக்கு விடுவதும் உண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை வயல் அடுத்தவர் கையில். 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு வருடம் அனுபவித்துவிட்டால் பணம் வாங்காமலே வயலைத் திருப்பித் தர வேண்டும், ஊரில் பலருக்கு இது தெரியாது. நெல் பழுக்கும் நேரத்தில் வியாபாரி வந்து, நிற்கிற பயிரை மொத்தமாக விலை பேசுவதற்குப் பெயர் 'தெபாசான்'. முன்பணம் கொஞ்சம் கொடுப்பார், அறுப்பதற்குள் விலை இறங்கினால் மீதியைக் குறைக்கப் பார்ப்பார். 2025 முதல் அரசு நெல் கொள்முதல் விலை கிலோ 6,500 ரூப்பியா, பேசும்போது அந்த எண் மனதில் இருக்கட்டும். மானிய உரத்துக்கு உழவர் குழுவில் மனைவி பெயர் இருக்க வேண்டும். தண்ணீருக்கு 'உலு-உலு' என்கிற நீர்ப்பாய்ச்சி இருப்பார், அவரைக் கேட்காமல் மடையைத் தொடக் கூடாது.

இப்போது நிஜமான ஆபத்துகள். திருடனைவிட இவைதான் எனக்குப் பயம்.

முதலில் எலிக் கம்பி. எலித் தொல்லை தாங்காமல் வயலைச் சுற்றித் தரையோரமாகக் கம்பி இழுத்து வீட்டு மின்சாரத்தை விட்டுவிடுகிறார்கள். ஸ்ராகென், ங்காவி, போஜோநெகோரோ பக்கம் இதில் செத்த மனிதர்கள் ஏராளம். தண்ணீர் திருப்பப் போனவர், தவளை பிடிக்கப் போனவர், பல நேரம் கம்பி போட்டவரே. அடுத்தவர் செத்தால் வயல்காரருக்குச் சிறை. நீங்கள் எந்த நிலையிலும் அதைப் போடாதீர்கள், இரவில் அறியாத வரப்பில் இறங்காதீர்கள், இறங்கியே ஆக வேண்டுமென்றால் ரப்பர் பூட்ஸ், டார்ச், கூட ஒரு ஆள். எலிக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. தெமாக் மாவட்டத்தில் த்லோகோவெரு என்ற ஊர், வயல் நடுவே கம்பத்தில் கூண்டு வைத்துக் கூகை வளர்த்து எலியைக் கட்டுப்படுத்தியது, பல ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். கூகை அலறினால் கெட்ட சகுனம் என்று நம்மைப் போலவே நினைக்கிறவர்கள் ஜாவாவிலும் உண்டு, அந்த ஊர் அதைத் தாண்டி வந்தது.

எலியால் வருகிற இன்னொன்று எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீர், காலில் ஒரு வெடிப்பு, அவ்வளவு போதும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு அல்லது மஞ்சள் என்றால் வீட்டு மருந்து பார்க்காமல் அன்றைக்கே புஸ்கெஸ்மாஸ் (அரசு ஆரம்ப சுகாதார நிலையம்) போங்கள், 'வயலில் இறங்கினேன்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துவிடும்.

பாம்பு. நாட்டிலேயே தயாராகிற விஷமுறிவு மருந்து மூன்று பாம்புகளுக்கு: ஜாவா துப்பும் நாகம், மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட கட்டுவிரியன், மலாய்க் குழிவிரியன். மூங்கில் புதரில் இருக்கிற பச்சைக் குழிவிரியனுக்கோ, 'வெலிங்' என்கிற வெள்ளை கறுப்புக் கட்டுவிரியனுக்கோ அது ஏற்றதில்லை. வெலிங் இரவில் வீட்டுக்குள் வந்து தூங்குகிறவரைக் கடிக்கும், வலிக்காது, காலையில் மூச்சு முட்டும். ஆகவே தரையில் படுக்காதீர்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள், விறகைச் சமையலறைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். எங்கள் வீட்டு விறகில் ஒரு தடவை வெலிங் இருந்தது. கடிபட்டால் கட்டுப் போட்டு உறிஞ்சுகிற வேலை வேண்டாம், கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மூச்சுக்கருவி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வீடு கட்டுவதில்தான் நீங்கள் பணத்தைக் கொட்ட வேண்டும், சுவர்மேல் அல்ல. 2006 மே 27, காலை ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் முன்னால் வந்த நிலநடுக்கம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. பந்துல், க்ளாத்தேன் உட்பட அந்த வட்டாரம் முழுக்க 5,700 பேருக்கு மேல் செத்தார்கள், க்ளாத்தேனில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். கொன்றது நிலம் இல்லை, தூணும் பெல்ட்டும் இல்லாமல் செங்கல்லை அடுக்கி மேலே ஓடு ஏற்றிய வீடுகள். அதே தெருவில் பழைய மரச்சட்ட லிமாசான் வீடுகள் ஆடிவிட்டு நின்றன. மேஸ்திரியிடம் மூன்று வார்த்தைகளைச் சொல்லுங்கள்: ஸ்லோப், கோலோம், ரிங் பாலோக். அடித்தள பெல்ட், தூண், சுவர் உச்சியில் பெல்ட். மூன்றின் கம்பியும் ஒன்றோடொன்று வளைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். மூலைகளில் கம்பியை வளைக்காமல் வெட்டிவிட்டுப் பூசிவிடுவார்கள், அதனால் கான்கிரீட் போடுகிற அன்றைக்கு நீங்களே நின்று பாருங்கள். ஓடு கனம், அதற்குப் பதிலாக இலேசான எஃகுச் சட்டக் கூரை போடலாமா என்று கேளுங்கள். கூரையைத் தாங்கி எழும்பும் முக்கோணச் சுவருக்கு அடியில் படுக்கை வேண்டாம், அதுதான் முதலில் சரியும்.

மெராபி எரிமலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமனார் வீடு கெமாலாங் பக்கம் மேட்டில் இருந்தால் கேட்டாக வேண்டும். 2010 வெடிப்பில் 350 பேருக்கு மேல் செத்தார்கள், நவம்பர் 5 அன்று 20 கிலோமீட்டர் சுற்றளவில் ஊரே காலி. மாட்டுக்குப் புல் போட என்று திரும்பி மேலே ஏறியவர்கள் நிறைய, மாடுதான் அவர்களுடைய பேங்க் கணக்கு, விட்டுவிட்டு வர மனம் வராது. அதற்குப் பிறகு மேட்டு ஊர் ஒவ்வொன்றையும் தாழ்வான ஊர் ஒன்றோடு இணைத்து, எந்த ஊரார் எங்கே தஞ்சம் போவது என்று முன்கூட்டியே பேசி வைக்கிற ஏற்பாடு மெராபி அடிவாரத்தில் வந்தது, மாடுகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். உங்கள் ஊர் எந்த ஆபத்து வளையத்தில் இருக்கிறது என்பது கிராம அலுவலக வரைபடத்தில் இருக்கும். ஆற்றோரத்து மனை விலை குறைவு என்று போகாதீர்கள், மழைக்காலத்தில் எரிமலைச் சேறு அந்த வழியாகத்தான் இறங்கும்.

செலவுகளில் நீங்கள் எதிர்பார்க்காதது மொய். கல்யாணம், விருத்தசேதனம், குழந்தை பிறப்பு என்று நல்ல மாதங்களில் வாரத்துக்கு நாலைந்து அழைப்பு வரும், ஒவ்வொன்றும் நோட்டில் ஏறும். சின்ன விவசாயிகள் இதற்காகவே கடன் வாங்குகிறார்கள், வீட்டு வாசலுக்கு வந்து தினவட்டி வசூலிப்பவர்களிடமும் இப்போது போன் ஆப்களிலும். வருடத்துக்கு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். பணத்தைவிட முக்கியம் ஆள். மனைவி விருந்துச் சமையலுக்குக் கை கொடுக்கப் போக வேண்டும், நீங்கள் பந்தல் போட. சாவு என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள், கையிலிருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போங்கள், எந்த மதமானாலும். குழி வெட்டுவதும் நாற்காலி போடுவதும் அண்டை வீட்டார்தான். 3, 7, 40, 100, 1,000 என்று நாள் கணக்கு வைத்து வேண்டுதல் நடக்கும், எல்லாவற்றுக்கும் போக முடியாவிட்டாலும் முதல் வாரம் தவற வேண்டாம்.

இது எல்லாருக்கும் ஒத்துவருகிற வாழ்க்கை இல்லை. தனிமை கிடைக்காது, வீட்டில் சண்டை போட்டால் காலையில் தெருவுக்கே தெரியும், மாதச் சம்பளம் எவ்வளவு என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். உங்கள் மனைவி ஊரை விட்டுப் போய் எத்தனை வருடம் ஆகிறது என்று எழுதவில்லை. திரும்பி வருகிற பெண்ணுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளையைவிடச் சுமை அதிகம், எல்லா எதிர்பார்ப்பும் அவர் தலையில்தான் இறங்கும். ஒரு நெல் பருவம், நாலு மாதம், மாமனார் வீட்டில் தங்கிப் பார்த்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள் என்பதுதான் என் யோசனை.

வந்த முதல் வாரமே கடவுச்சீட்டு, தங்கும் அனுமதி, திருமணச் சான்று நகல்களோடு பாக் எர்தே வீட்டுக்குப் போங்கள். சாயங்காலத் தொழுகை முடிந்த பிறகு, கையில் கொஞ்சம் பழமோ சர்க்கரையோ. ரோண்டாவில் எந்தக் கிழமை ஆள் குறைகிறது என்று கேட்டு உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். மாமனாரிடம் இப்போதே சொல்லி, நீங்கள் தங்கப் போகிற பக்கத்துத் தூணில் இன்னொரு ஜிம்பித்தான் டப்பா மாட்டச் சொல்லுங்கள். தனிக் குடும்பத்துக்குத் தனி டப்பா. எங்கள் டப்பா பழைய பெயின்ட் மூடி, 14 வருடமாக அதே ஆணியில் தொங்குகிறது.